ஒரு குளிசையின் ஐந்தில் ஒரு பங்கு

இரண்டு கிலோ எடையில் பிறந்த ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் தேவைப்படும் குளுக்கோஸ் ஏறத்தாழ 12 முதல் 17 கிராம். மூன்று, நான்கு தேக்கரண்டிச் சீனிக்கு மேல் இல்லை. அதில் பெரும்பகுதியை மூளை எடுத்துக்கொள்கிறது. ஒருமுறை பால் குடித்ததற்கும் அடுத்த முறை குடிப்பதற்கும் இடையில், ஈரல் தன் கையிருப்பிலிருந்து கிலோ ஒன்றுக்கு நிமிடத்துக்கு 4 முதல் 6 மில்லிகிராம் குளுக்கோஸை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அது தீரும் வேளையில் உடல் கொழுப்பை எரிக்கும்; அப்போது உண்டாகும் கீட்டோன்களைக் கொண்டு மூளை சமாளித்துக்கொள்ளும். பசித்திருக்கும் குழந்தையை இயற்கை இப்படித்தான் காக்கிறது.

இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்தால் இந்த இரண்டு காப்பும் ஒரே நேரத்தில் அற்றுப்போகும். ஈரலின் கையிருப்பு வெளியே வராது. கொழுப்பு எரியாது, கீட்டோனும் உண்டாகாது. குளுக்கோஸும் இல்லாமல் அதற்கு மாற்றும் இல்லாமல் மூளை தவிக்கும். வெறும் பட்டினியில் சீனி இறங்குவதைவிட இது மிகக் கொடியது. பிறவி மிகை இன்சுலின் நோய் என்று சொல்வது இதைத்தான். பல நாடுகளின் ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், இந்நோய் கண்ட குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை ஏதோவொரு நரம்பு வளர்ச்சிக் குறையோடு வளர்கிறார்கள். சிலருக்கு வலிப்பு தங்கிவிடுகிறது, சிலருக்குக் கற்பது கடினமாகிறது, சிலருக்குப் பார்வை மங்குகிறது. இந்தச் சேதத்தில் பெரும்பங்கு நோயைத் தெரிந்துகொள்ளாமல் கழியும் மணித்தியாலங்களில் நேர்வது.

இலங்கை மலையகத்தில் நுவரெலியா, ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். இப்படி ஒரு அரிய நோயைப் பற்றித் தோட்டத்துக்காரர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. உலகின் பெரும்பாலான நாடுகளில் 28,000 முதல் 50,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை என்று இதன் நிகழ்வைக் கணக்கிடுகிறார்கள். இலங்கையில் இப்போது ஆண்டுக்கு 2 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட பிறப்புகள். அப்படியானால் நாடு முழுவதிலும் ஆண்டுக்கு நான்கு முதல் எட்டுக் குழந்தைகள். நுவரெலியா மாவட்டத்தின் பங்கு சில ஆண்டுகளுக்கு ஒன்று என்றாகும். ஆனால் இந்தக் கணக்கு மரபணுக் கோளாறால் வரும் நிலைத்த வகைக்கு மட்டுமே பொருந்தும். இதே நோய்க்கு இன்னொரு வகை இருக்கிறது. மலையகத்தைத் தொடுவது பெரும்பாலும் அந்த வகைதான் என்பது என் துணிபு.

கருப்பையில் போதிய ஊட்டமின்றி வளர்ந்து, எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளில் சிலருக்கும், பிரசவ நேரத்தில் மூச்சுத் திணறலுக்கு ஆளான சிலருக்கும் கணையம் முதல் சில வாரங்களோ மாதங்களோ தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரக்கிறது. மரபணுவில் பிழை எதுவும் இருக்காது. காலம் போனால் தானாகவே அடங்கிவிடும். ஆனால் அடங்கும்வரை ஆபத்து மற்ற வகைக்குச் சற்றும் குறைந்ததல்ல. பிலடெல்பியாவின் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2006இல் இத்தகைய 26 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். நோய் அடங்கிய வயதின் நடுமதிப்பு 181 நாட்கள், அதாவது ஆறு மாதம். அந்த 181 என்ற எண்ணுக்குப் பின்னர் திரும்பி வருவேன். தோட்டத்துத் தாய்மாருக்கு அது மிக முக்கியமான எண்.

எடைகுறைந்த பிறப்பு மலையகத்தின் பழைய துயரம். நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்து எடுக்கப்படும் தேசியக் கணக்கெடுப்புகளில் தோட்டத்துறை இந்த வரிசையில் எப்போதும் மோசமான இடத்திலேயே இருந்து வந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மக்கட்தொகை, சுகாதார மதிப்பாய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் நாட்டில் 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம். வயிற்றுப் பிள்ளையோடு கூடையைச் சுமந்து மலையேறுவது, இரத்தசோகை, அம்மாவே குட்டையாய் வளர்ந்திருப்பது, கைக்கு வரும் சம்பளத்தில் வாங்க முடிகிற சோறும் கறியும் என்று இதற்கு ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்கள் உண்டு. இவை தலைமுறை தலைமுறையாய்ச் சேர்ந்தவை. அவற்றின் கணக்கு ஒரு சிசுவின் கணையத்தில் வந்து விழுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மரபுவழி வகையையும் விட்டுவிட முடியாது. சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோரோடு கூடவே வந்தது. இந்நோயின் கடுமையான வடிவங்கள் பெரும்பாலும் ஒடுங்குநிலை மரபாக வருவன. தாய், தந்தை இருவரும் ஒரே பிழையைத் தெரியாமல் சுமந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உறவுத் திருமணம் மிகுந்த சவூதி அரேபியாவில் 2,500 பிறப்புக்கு ஒன்று என்ற அளவுக்குக்கூட நிகழ்வு உயர்ந்ததுண்டு. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2014இல் இந்தியக் குழந்தைகளில், கணையக் கலத்தின் ஏ.பி.சி.சி.8 மரபணுவில் அதுவரை அறியப்படாத பிழைகளைப் பதிவு செய்தார்கள். கடல் கடந்து வந்த நம் குடும்பங்களின் மரபுவேர் எங்கே இருக்கிறதோ, அங்கேயும் இந்நோய் இருக்கிறது. அதற்காக மாமன் மகளைக் கட்டிய ஒரு தகப்பனை வார்ட்டில் நிற்கவைத்துக் குற்றம் சொல்வதில் எந்தப் பயனும் இல்லை. அடுத்த பிள்ளையின் பிரசவம் எங்கே நடக்க வேண்டும், பிறந்த எத்தனையாவது மணித்தியாலத்தில் சீனி பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதே பயன்.

மருந்துக்கு வருவோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இர்வின் மக்குவாரி 1954இல் காரணம் தெரியாத சிசுச் சீனிக் குறைவு என்று இந்நோயை விவரித்தபோது, இன்சுலின்தான் காரணம் என்றுகூட யாருக்கும் தெரியாது. மருந்து வேறொரு வாசல் வழியாக வந்தது. 1960களின் தொடக்கத்தில் உயர் இரத்த அழுத்தத்துக்காக டயசொக்சைடு என்ற பொருளை உருவாக்கினார்கள். அதை எடுத்தவர்களுக்கு இரத்தத்தில் சீனி ஏறியது. அழுத்த நோயாளிக்கு அது பாதகம். அதே பாதகம் சீனி இறங்கும் குழந்தைக்கு மருந்தாகலாமே என்று ஆலன் டிராஷ், பிரெடரிக் வுல்ஃப் இருவரும் சிந்தித்து, 1964இல் தங்கள் அனுபவத்தை வெளியிட்டார்கள். அறுபது ஆண்டு கடந்தும் இந்நோய்க்கு முதலில் கொடுக்கும் மருந்து அதுதான்.

அது ஏன் வேலை செய்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. இன்சுலின் சுரக்கும் பீட்டாக் கலத்தின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் ஒரு கதவு இருக்கிறது. இரத்தத்தில் குளுக்கோஸ் குறைவாக இருக்கும்போது கதவு திறந்திருக்கும், கலம் அமைதியாக இருக்கும். குளுக்கோஸ் கூடும்போது கதவு மூடும், கலம் இன்சுலினை வெளியே விடும். 1995, 1996 ஆண்டுகளில் இந்தக் கதவின் இரண்டு பாகங்களையும் ஆக்கும் மரபணுக்களில் உள்ள பிழைகள்தான் கடும் நோய்க்குக் காரணம் என்று தெரியவந்தது. டயசொக்சைடு கதவைத் திறந்து வைக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் சீனி வருத்தத்துக்குக் குடிக்கும் கிளிபென்கிளமைடு இதே கதவை மூடுகிறது. ஒரே இடத்தில் எதிரெதிராக வேலை செய்யும் இரண்டு மருந்துகள். இதனால்தான், ஒரே காம்பராவில் தாத்தாவின் குளிசை தவழும் பிள்ளையின் கைக்கு எட்டி, அது விழுங்கிவிட்டால், பார்ப்பதற்கு மிகை இன்சுலின் நோயைப் போலவே இருக்கும். வளர்ந்த பிள்ளைக்குத் திடீரென்று சீனி இறங்கினால், வீட்டில் என்ன மருந்து இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கதவைத் திறக்கும் மருந்து, கதவே பழுதாய்ப் பிறந்த குழந்தைக்கு உதவாது. அந்தக் கதவை ஆக்கும் ஏ.பி.சி.சி.8, கே.சி.என்.ஜே.11 ஆகிய மரபணுக்களில் ஒடுங்குநிலைப் பிழைகள் உள்ள பெரும்பாலான குழந்தைகளில் டயசொக்சைடு தோற்கிறது. கதவு சரியாக இருந்து வேறு காரணத்தால் இன்சுலின் மிகுந்தவர்களில் அது நன்றாக வேலை செய்கிறது. எடை குறைந்து பிறந்து சில மாதங்களில் அடங்கும் வகை இந்த இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆக, தோட்டங்களில் அதிகம் எதிர்பார்க்க வேண்டிய வகையும், பழைய மருந்துக்குக் கட்டுப்படும் வகையும் ஒன்றே. மலையகத்தில் இந்நோய்க்கான போராட்டத்தை எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு என் விடை இதிலிருந்தே பிறக்கிறது.

சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த ஒரு பரிசோதனை இதற்கு நேரான சான்று. எடை குறைந்து பிறந்து, மிகை இன்சுலினால் சீனி இறங்கிய 30 சிசுக்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டயசொக்சைடும் மறுபாதிக்கு மருந்தற்ற பொய்க் கலவையும் கொடுத்தார்கள். மருந்து பெற்ற குழந்தைகளின் சீனி விரைவில் கட்டுக்குள் வந்தது. பாதகம் எதுவும் தென்படவில்லை. 2018இல் வெளிவந்த இந்த ஆய்வு சிறியதுதான். முப்பது பிள்ளைகளை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் தெற்காசியாவின் அரசு மருத்துவமனை ஒன்றில், நம் தாய்மாரைப் போன்ற தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகளில் நடந்தது அது. மேற்கு நாட்டுப் பெரிய ஆய்வுகள் பலவற்றைவிட டிக்கோயாவின் டொக்டருக்கு அது நெருக்கமானது.

மருந்தின் அளவைப் பார்த்தால் நடைமுறைச் சிக்கல் புரியும். ஒரு நாளைக்குக் கிலோ ஒன்றுக்கு 5 முதல் 15 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. இரண்டு கிலோக் குழந்தைக்கு ஐந்தில் தொடங்கினால் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். 50 மில்லிகிராம் குளிசை கிடைத்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பங்கையும் இரண்டாக்க வேண்டும். பிளேடால் வெட்டி இதைச் செய்ய முடியாது. மருந்தாளர் குளிசையைப் பொடித்து, அளந்த திரவத்தில் கலந்து, ஒரு மில்லிலீட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உட்புறம் விட வேண்டும். பத்து மடங்கு பிசகினால் ஒரு நாளில் குழந்தை வீங்கும். எழுத்து எந்த மொழியில் இருக்கிறது என்பது இங்கே உயிர்ப் பிரச்சினை. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த தாயிடம் வேறு மொழியில் எழுதிய போத்தலைக் கொடுத்தனுப்புவது மருந்தைக் கொடுக்காமல் விடுவதைவிடச் சில சமயம் ஆபத்தானது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அந்த உரிமை மருந்துப் போத்தலின் லேபிள் வரைக்கும் வந்து சேர வேண்டும்.

டயசொக்சைடு உடலில் நீரைத் தேக்கும். அதனால்தான் பெரும்பாலும் கூடவே தயசைட் வகை நீர்வெளியேற்றி ஒன்றும் கொடுக்கிறார்கள். குழந்தைக்குக் கொடுக்கும் திரவத்தின் அளவையும் கட்டுப்படுத்துகிறார்கள். அரிதாக நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015 ஜூலையில் இப்படிப் பதிவான 11 குழந்தைகளைச் சுட்டி எச்சரிக்கை விடுத்தது. மருந்தை நிறுத்தியதும் அழுத்தம் குறைந்தது. ஆகையால் தொடங்கும் முன் இதயத்தை எக்கோவில் பார்ப்பதும், தொடங்கிய முதல் வாரத்தில் எடையையும் மூச்சையும் தினமும் கவனிப்பதும் நல்லது. வெள்ளணுவும் தட்டணுவும் குறையலாம் என்பதால் இடையிடையே இரத்தம் பார்க்க வேண்டும். எனவே மருந்தை வார்ட்டில் வைத்துத் தொடங்கி, சீனி நிலைத்த பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொரு விளைவு உயிருக்கு ஆபத்தில்லாதது. ஆனால் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் அதுதான் பெரிதாகப் பேசப்படும். சில வாரங்களில் குழந்தையின் நெற்றியிலும் முதுகிலும் கைகால்களிலும் முடி அடர்ந்து வளரும். பெண் பிள்ளையென்றால் பாட்டிமார் கலங்குவார்கள், அக்கம்பக்கம் ஏதேதோ சொல்லும். மருந்தை யாருக்கும் தெரியாமல் நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தினால் முடி உதிர்ந்துவிடும் என்பதும், நோய் அடங்கும்முன் நிறுத்தினால் மூளை பாதிக்கப்படும் என்பதும் முதல் நாளே, தமிழில், தாய்க்கு மட்டுமல்லாமல் பாட்டிக்கும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை. இது மருத்துவத்தின் ஓரத்தில் நிற்கும் விஷயமல்ல. சிகிச்சை வெற்றி பெறுவதும் தோற்பதும் இங்கேதான்.

டயசொக்சைடு ஐந்து நாளில் பலன் தராவிட்டால் அடுத்தது ஆக்ட்ரியோடைட். தோலுக்கு அடியில் ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி. ஆம்பூல்களை 2 முதல் 8 பாகை வெப்பநிலையில் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயக்காம்பராவில், நள்ளிரவிலும் ஊசி போடச் சொல்வது ஒரு குடும்பத்தின் மேல் பெரும் பாரத்தை ஏற்றுவது. பிறந்த சில வாரங்களில் குடல் அழுகும் ஆபத்தும் சிறிதளவு உண்டு. வளர்ந்த பிள்ளைகளுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் லான்ரியோடைட் இருக்கிறது. விலை அதிகம் என்றாலும் கிளினிக் நாளில் போட்டுவிடலாம் என்பதால், மலையகத்துக்குப் பொருந்தும் வடிவம் அதுவே. 2014இல் சிரோலிமஸ் நான்கு குழந்தைகளில் பலன் தந்ததாக வந்த செய்தி பெரும் நம்பிக்கையை ஏற்படுத்தியது. பின்னர் வந்த அறிக்கைகள் அந்த நம்பிக்கையைக் குறைத்தன. நோய் எதிர்ப்பை அடக்கும் அந்த மருந்தை, நெருக்கமான லயங்களில் சளியும் வயிற்றோட்டமும் ஓயாத சூழலில் ஒரு சிசுவுக்குக் கொடுக்க நான் எளிதில் துணியமாட்டேன்.

எந்த மருந்துக்கும் கேட்காத சில குழந்தைகளில் கணையத்தின் ஒரு சிறு இடத்தில் மட்டும் கோளாறு இருக்கும். எஃப்-18 டோபா என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு எடுக்கும் பெட் ஸ்கேன் அந்த இடத்தைக் காட்டும். அதை மட்டும் வெட்டியெடுத்தால் நோய் முற்றிலும் தீர்ந்துவிடும். கணையம் முழுதும் கோளாறென்றால் ஏறத்தாழ முழுவதையும் எடுக்க வேண்டிவரும். அப்படி எடுத்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வளரும்போது நீரிழிவு வரும். இப்படிப்பட்ட குழந்தையைக் கொழும்பில் 1895இல் தொடங்கிய லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற உயர்சிகிச்சை நிலையத்துக்கு விரைவாக அனுப்பிவிட வேண்டும். மலையகத்திலேயே வைத்துக் காலம் கடத்தக் கூடாது.

எல்லாம் ஒரு துளி இரத்தத்தில் தொடங்குகிறது. புதிதாய்ப் பிறந்த குழந்தையில் சீனிக் குறைவு தனக்கென ஒரு அடையாளத்தைக் காட்டாது. பிள்ளை பால் குடிக்குதில்ல, தூங்கிக்கிட்டே இருக்கு, கை கால் நடுங்குது, உடம்பு சில்லிட்டுப் போகுது என்று அம்மா சொல்வதுதான் அறிகுறி. வலிப்பு வந்தால் ஜன்னி என்பார்கள், தோஷம் என்பார்கள், மந்திரிக்கக் கொண்டுபோவார்கள். மலைக் குளிரும் இதில் பங்காளி. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தை மாதத்தில் உறைபனி விழும். குளிர்ந்த சிசு சூடு உண்டாக்கக் குளுக்கோஸைச் செலவழிக்கும். ஏற்கெனவே சீனி குறைந்த பிள்ளைக்கு அது இன்னும் குறையும்.

இன்று மலையகத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்தின் காலத்திலிருந்து தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் விடப்பட்டிருந்த ஒரு மக்கள் கூட்டத்துக்கு இது பெரிய மாற்றம். 2017 மே 12ஆம் திகதி டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் மோடி திறந்து வைத்தார். 2016இல் தென்மேற்கில் தொடங்கி நாடெங்கும் விரிந்த, 1990 என்ற எண்ணில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை இருக்கிறது. ஆகவே குழந்தை பிறக்கும் இடத்தில் குளுக்கோமீற்றர் இருக்கிறது. கேட்க வேண்டியது, அந்தக் கருவி யாருடைய குதிகாலை எத்தனை முறை தொடுகிறது என்பதுதான். எடை குறைந்து பிறந்த ஒவ்வொரு சிசுவுக்கும் முதல் நாளில் பாலூட்டும் முன் சீனி பார்க்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பிறந்த முதல் மணித்தியாலங்களில் சீனி சற்று இறங்குவது இயல்பு. அது தானே ஏறிவிடும். 48 மணித்தியாலத்துக்குப் பிறகும் டெசிலீட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே நின்றால் அது இயல்பல்ல. 2015இல் வட அமெரிக்கக் குழந்தை உட்சுரப்பியல் சங்கம் வெளியிட்ட பரிந்துரையும் இதைத்தான் சொல்கிறது. தாயும் பிள்ளையும் இரண்டாம் நாளே வீட்டுக்குப் போனால், அந்த 48 மணித்தியாலம் முடிவது லயத்தில்.

சீனி இறங்கியதும் செய்யக்கூடிய முதல் உதவி மிக மலிவானது. நியூசிலாந்தில் ஜேன் ஹார்டிங் குழுவினர் 2013இல் வெளியிட்ட பரிசோதனையில், 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஜெல்லைக் குழந்தையின் கன்னத்தின் உட்புறம் தடவித் தாய்ப்பாலூட்டியபோது பல குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து பிரிக்காமலே சீனி ஏறியது. ஜெல்லுக்கும் பாலுக்கும் ஏறாமல், ஊசிவழியில் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் குளுக்கோஸ் தேவைப்பட்டால், மிகை இன்சுலினைச் சந்தேகிக்க வேண்டும்.

நோயை உறுதிசெய்யக் கொழும்பின் ஆய்வுகூடம் வேண்டும் என்று சிலர் நினைப்பார்கள். இன்சுலின் அளவை அறிய அது வேண்டும்தான். ஆனால் கட்டிலருகிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. சீனி 50க்குக் கீழே இருக்கும் வேளையில் குளுக்ககன் ஊசி போட்டு, அடுத்த 40 நிமிடத்துக்குச் சீனியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 30 மில்லிகிராமுக்கு மேல் ஏறினால், ஈரலில் கையிருப்பு இருந்தும் அது வெளியே விடப்படவில்லை என்று பொருள்; பூட்டி வைத்தது இன்சுலின்தான். அதே வேளையில் குழந்தையின் கீட்டோனும் குறைவாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். தேவைப்படுவது குளுக்ககன் குப்பி ஒன்றும், கைக்கருவியும், அருகே நிற்கும் ஒரு தாதியும். மலையகத்தின் ஒவ்வொரு குழந்தை வார்ட்டிலும் குளிர்ப்பெட்டிக்குள் குளுக்ககன் குப்பி இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் வைக்கும் கோரிக்கைகளில் முதலாவது.

இரண்டாவது டயசொக்சைடு தொடர்ந்து கிடைப்பது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. அத்தியாவசிய மருந்து என்ற எண்ணத்துக்கும் நம் நாட்டுக்கும் ஆழ்ந்த தொடர்பு உண்டு. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனத்தைக் கட்டியெழுப்பி, மருந்துகளைக் கம்பனிப் பெயரை விட்டு மூலப் பெயரில் மலிவாக வாங்க வழிகாட்டினார். 1977இல் உலக சுகாதார நிறுவனம் முதல் அத்தியாவசியப் பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டில் கயானாவில் அவர் காலமானார். ஆண்டுக்கு மிகச் சில குழந்தைகளுக்கே தேவைப்படும் மருந்தைத் தனியார் இறக்குமதியாளர் யாரும் தேடிப் போகமாட்டார். அரசு வாங்காவிட்டால் அது வராது. 2022 பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துகளே தீர்ந்து, பேராதனை போதனா வைத்தியசாலையில் அந்த மார்ச் மாதம் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டதை நாடு கண்டது. கையிருப்புத் தீர்ந்த ஒரு வாரம் இரத்த அழுத்தக்காரர் ஒருவருக்குத் தலைவலியாக முடியலாம். மிகை இன்சுலின் குழந்தைக்கு முதல் இரவிலேயே வலிப்பு வரும். வழியும் தடைபடும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகப் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்குப் போவது வளைவு வளைவான 70, 80 கிலோமீற்றர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைச்சரிவுகள் மத்திய மலைநாட்டின் வீதிகளை மூடியபோது, மருந்து வீட்டில் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையில் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரிந்தது. ஒரு மாத மருந்துக்குப் பதில் இரண்டு மாத மருந்தைக் கையில் கொடுத்தனுப்பினால் ஆபத்துக் குறையும்.

மூன்றாவது தாயின் நேரம். இந்நோய்க் குழந்தைக்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும், இரவிலும். சீனியை 70க்கு மேல் வைத்திருக்க வேண்டும். மகப்பேற்று நன்மைச் சட்டம் தோட்டத் தாய்க்குத் தருவது 84 நாட்கள். நோய் அடங்க எடுக்கும் காலத்தின் நடுமதிப்பு 181 நாட்கள். இடையில் தொண்ணூற்றேழு நாட்கள் விழுகின்றன. அந்த நாட்களில் அம்மா கொழுந்து மலையில், பிள்ளை தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில். பறிக்கும் கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும் என்ற பயத்தில் நடுவில் இறங்கி வந்து பாலூட்டுவது எத்தனை பேருக்கு முடியும்? இங்கே மருந்தின் இயல்பு ஒரு வழி காட்டுகிறது. குழந்தைகளின் உடலில் டயசொக்சைடு நெடுநேரம் தங்கும். ஆகவே மூன்று வேளையை இரண்டாக்கி, வேலைக்கு ஆள் கூடும் காலைப் பிரட்டுக்கு முன் ஒன்றும் இரவில் ஒன்றும் என்று பல குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். அப்போது பிள்ளைக் காம்பராவில் மருந்து கொடுக்க வேண்டியதில்லை. பால் மட்டும் கொடுத்தால் போதும். எந்த வேளைக்கு என்ன என்பதைப் பிள்ளைகளைப் பார்ப்பவரின் சுவரில் ஒட்டிவிடலாம். இந்தத் தாய்க்கு மட்டும் ஆறு மாதம் வரை பக்கத்து மலையில் வேலை கொடுக்குமாறு டொக்டர் தோட்டத்துக்குக் கடிதம் எழுதலாம். இது சலுகையல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி. ஊசிக்கும் குளிசைக்கும் எழுதிக் கொடுப்பது போலவே இதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பிந்திய முதல் பத்து நாட்களில் வீட்டுக்கு வரும் மருத்துவ மாதுவும், தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவரும் இந்தக் கோவையில் முக்கியமானவர்கள். பத்து நாள் பிள்ளை தூங்கி வழிந்தால் முதலில் சீனி பார்ப்பது என்ற ஒரே பழக்கத்தை அவர்களிடம் விதைக்க முடிந்தால், மலையகத்தில் இந்நோயின் வரலாறே மாறும் என்று நம்புகிறேன்.

குழந்தை வளர வளர எடை கூடும். மருந்தின் அளவைக் கூட்டாமல் விட்டால் கிலோவுக்கு விழும் அளவு தானாகவே குறைந்துகொண்டு வரும். அது 5 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி, சீனியும் நிலையாக இருந்தால் மருந்தை நிறுத்திப் பார்க்கலாம். பிள்ளையை வார்ட்டில் சேர்த்து, மருந்தை நிறுத்திச் சில நாட்கள் கழித்து, பாலூட்டும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போட்டு, மணிக்கு ஒருமுறை குதிகாலில் குத்திச் சீனியை எழுதிக்கொள்வார்கள். கடைசிக் குத்தலிலும் 70க்கு மேலே நின்று, கீட்டோனும் எழும்பியிருந்தால், இன்சுலின் தன் அளவுக்கு வந்துவிட்டது. அப்போது கிளினிக் கொப்பியில் டயசொக்சைடு என்ற வரியை அடித்துவிட்டு, அடுத்த வருகையை மூன்று மாதம் கழித்துப் போடுவார்கள்.